தேய்ந்த டயர் சொல்வதென்ன?

உங்கள் செருப்பைக் கழற்றிப் புரட்டிப் பாருங்கள். இரண்டு குதிகால்களும் ஒரே மாதிரியாகத் தேய்ந்திருக்கின்றனவா? பெரும்பாலும் இருக்காது. சிலருக்கு வெளி ஓரம் தேய்ந்திருக்கும். சிலருக்கு உள் ஓரம். ஒரு காலைச் சற்று இழுத்து நடப்பவருடைய செருப்புகளில் ஒன்று மட்டும் முன்னதாகவே ஓய்ந்துபோகும். தெருவோரம் அமர்ந்து செருப்புத் தைக்கும் அனுபவசாலி ஒருவர், ஆளைப் பார்க்காமலேயே செருப்பைப் பார்த்து நடையைச் சொல்லிவிடுவார்.

மோட்டார் காருக்குச் செருப்பு டயர்தான். கார் எப்படி நடக்கிறது, அதன் முதுகெலும்பில் எங்கே வலி என்பதையெல்லாம் டயர் தன் மேனியில் எழுதி வைத்துக்கொள்கிறது. அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாதவர் என்ன செய்கிறார்? டயர் தேய்ந்துவிட்டது என்று புது டயர் வாங்கிப் போடுகிறார். சில மாதங்களில் அதுவும் அதே இடத்தில் தேய்கிறது. "டயர் கம்பெனி சரியில்லை" என்று வேறொரு கம்பெனி டயரை வாங்குகிறார். அதுவும் தேய்கிறது. குற்றவாளி வேறெங்கோ ஒளிந்திருக்க, சாட்சியைத் தண்டித்துக்கொண்டிருக்கிறார் அவர். பணம் போவது ஒரு புறம் இருக்கட்டும். அந்தக் குற்றவாளி தளர்ந்த ஒரு போல்ட்டாகவோ முறிந்த ஒரு வில்லாகவோ இருந்தால், ஒரு நாள் உயிருக்கே ஆபத்தாக முடியும்.

பழைய கார்களின் பின்பகுதியை எடுத்துக்கொண்டு, இந்தத் துப்பறியும் வேலையைப் பௌதிகத்தின் துணையோடு செய்து பார்ப்போம், வாருங்கள். உதாரணத்துக்கு இரண்டு கார்கள். ஒன்று, கல்கத்தாவுக்கு அருகிலுள்ள உத்தர்பாராவில் 1958 முதல் 2014 வரை தயாரான அம்பாசிடர். மற்றொன்று, நம் சென்னையை அடுத்து, 1960களில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இரண்டுமே இன்று உற்பத்தியில் இல்லை. ஆனால் பழைய வண்டிகளைப் பேணுவோரிடம் இன்றும் காணலாம். இந்த இரண்டையும் ஏன் தேர்ந்தெடுத்தேன் என்பது போகப் போக விளங்கும்.

உள்ளங்கை அளவு நிலம்

ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள கார், தரையை எவ்வளவு இடத்தில் தொடுகிறது? கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஆட்கள் ஏறிய ஒரு காரின் பின் சக்கரம் ஒன்று 400 கிலோ எடையைத் தாங்குவதாக வைத்துக்கொள்வோம். பெட்ரோல் பங்கில் "28 காற்று" என்று சொல்லி நிரப்புகிறோமே, அது சதுர அங்குலத்துக்கு 28 பவுண்டு. ஏறத்தாழ சதுர செ.மீ.க்கு 2 கிலோ. எடையைத் தாங்குவது முக்கியமாக உள்ளேயுள்ள காற்றின் அழுத்தம்தான். எனவே தரையைத் தொடும் பரப்பு 400-ஐ 2-ஆல் வகுத்தால் வரும் 200 சதுர செ.மீ. விரித்த உள்ளங்கையைவிடச் சற்றே பெரியது. அவ்வளவுதான்! ஓடுவது, நிற்பது, திரும்புவது எல்லாம் இந்த நான்கு உள்ளங்கைகளின் பிடியில் இருக்கின்றன.

காற்று 20 பவுண்டுக்கு இறங்கிவிட்டால்? அழுத்தம் சதுர செ.மீ.க்கு 1.4 கிலோ. அதே 400 கிலோவைத் தாங்க 285 சதுர செ.மீ. பரப்பு வேண்டும். டயர் அமுங்கித் தட்டையாகிறது. நடுப்பகுதி மேல்நோக்கிக் குழிய, எடை இரு ஓரங்களிலும் விழுகிறது. மாறாக, காற்று அளவுக்கு மீறினால் டயர் நடுவில் புடைத்து, நடுப்பகுதி மட்டும் தரையை அழுத்துகிறது.

தேய்மானத்தின் அரிச்சுவடி

இதிலிருந்தே அரிச்சுவடியின் முதல் இரண்டு எழுத்துகள் கிடைத்துவிட்டன. மற்றவற்றையும் சேர்த்துப் பார்ப்போம்.

1. இரு ஓரங்களும் தேய்ந்து நடுப்பகுதி நன்றாக இருந்தால்: காற்றுக் குறைவு, அல்லது அளவுக்கு மிஞ்சிய பாரம்.

2. நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால்: காற்று அதிகம்.

3. ஒரே ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால்: சக்கரம் செங்குத்தாக நிற்கவில்லை, சாய்ந்து நிற்கிறது.

4. டயரின் குறுக்கே கையால் தடவும்போது ஒரு திசையில் வழுவழுப்பாகவும், எதிர்த் திசையில் ரம்பப் பல் போலவும் உணர்ந்தால்: சக்கரம் ஓடும் திசையும் அது பார்க்கும் திசையும் ஒன்றல்ல, பக்கவாட்டில் இழுபட்டுக்கொண்டே ஓடுகிறது.

5. சுற்றிலும் இடைவெளி விட்டு விட்டுக் கிண்ணம் போன்ற பள்ளங்கள் இருந்தால்: சக்கரம் தரையில் உருளவில்லை, குதித்துக் குதித்து ஓடுகிறது.

6. ஒரே ஓர் இடத்தில் மட்டும் தட்டையாகத் தேய்ந்திருந்தால்: பிரேக் போட்டபோது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டு வழுக்கியிருக்கிறது.

கண்ணைவிடக் கைக்குத்தான் இந்த எழுத்துகள் நன்றாகத் தெரியும். ஓடி வந்த வண்டியின் டயரைச் சற்று ஆறவிட்டு, உள்ளங்கையை மெல்லத் தடவிப் பாருங்கள். தேய்ந்த டயரில் கம்பி நீட்டிக்கொண்டிருக்கலாம், எச்சரிக்கை தேவை.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பலர் முன் டயரைப் பின்னுக்கும், பின் டயரை முன்னுக்கும் மாற்றிப் போடுவார்கள். பின் சக்கரத்தில் நீங்கள் காணும் தேய்மானம், அந்த டயர் முன்னால் இருந்தபோது ஏற்பட்டதாக இருக்கலாம். எனவே முதல் கேள்வி, "இந்த டயர் இங்கே எத்தனை நாளாக இருக்கிறது?" என்பதே. சாட்சி வெளியூரிலிருந்து வந்தவனா என்று விசாரிக்காமல் வாக்குமூலம் வாங்கக் கூடாது!

காரின் இடுப்புக்குக் கீழே

இப்போது அம்பாசிடரின் பின்பக்கம் எப்படி அமைந்திருக்கிறது என்று பார்ப்போம். இரு பின் சக்கரங்களையும் இணைக்கும் ஓர் உறுதியான எஃகுக் கூடு. அதற்குள்ளேதான் சக்கரங்களைச் சுழற்றும் தண்டுகள் ஓடுகின்றன. இதனைப் பின் அச்சு என்போம். காரின் உடல் இந்த அச்சின் மேல் நேராக உட்காரவில்லை. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கமான் பட்டைகள் இடையில் உள்ளன. நீளம் குறைந்துகொண்டே போகும் எஃகுப் பட்டைகளை ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கி, வில் போல் வளைத்துக் கட்டிய அமைப்பு இது. லாரிகளில் பார்த்திருப்பீர்கள்.

ஏன் பல பட்டைகள்? ஒரே தடித்த பட்டை போதாதா? வில்லின் நடுவில்தான் வளைக்கும் விசை மிகுதி; முனைகளில் குறைவு. எனவே நடுவில் பல பட்டைகளும், முனைக்குப் போகப் போகச் சில பட்டைகளுமாக இருந்தால், எல்லா இடத்திலும் எஃகு ஏறத்தாழ ஒரே அளவு உழைக்கும். பட்டைகள் வளையும்போது ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி உராய்வதால், துள்ளலும் ஓரளவு அடங்குகிறது.

பட்டையின் முன் முனை, ஒரு ரப்பர் புஷ் வழியாகக் காரின் உடலில் நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும். பின் முனையோ ஊஞ்சல் போல ஆடும் சாக்கிளில் தொங்கும். காரணம், வளைந்த வில் பாரத்தால் நிமிரும்போது அதன் நீளம் கூடும் அல்லவா? இரு முனைகளையும் இறுகக் கட்டிவிட்டால் வில் நிமிரவே முடியாது.

பட்டைகளையெல்லாம் துளைத்துச் செல்லும் சென்டர் போல்ட் ஒன்று உண்டு. அதன் தலை, அச்சின் மேலுள்ள ஒரு குழியில் உட்கார்ந்து, அச்சு முன்னும் பின்னும் நகராமல் இடத்தைக் காட்டுகிறது. பட்டையையும் அச்சையும் இறுகப் பிடித்திருப்பவை யு போல்ட்டுகள். இதிலே முக்கியமான ஒரு செய்தி: இந்தக் காரில் பட்டை வெறும் மெத்தை மட்டும் அல்ல. சக்கரம் தரையை உதைக்கும்போது உண்டாகும் விசை, பட்டையின் முன் பாதி வழியாகத்தான் காரின் உடலுக்குச் சென்று அதைத் தள்ளுகிறது. அச்சை நேராக வைத்திருப்பதும் பட்டையே. ஆகவே பட்டைக்கு வரும் நோய், வண்டியின் நடைக்கே வரும் நோய்.

துள்ளலின் கணக்கு

ஐந்தாவது எழுத்தான கிண்ணப் பள்ளத்திலிருந்து தொடங்குவோம். இதற்கு உங்கள் பாடப் புத்தகத்திலுள்ள சுருள்வில் கணக்கே போதும்.

தலா 45 கிலோ எடையுள்ள நான்கு மாணவர்கள் காரின் பின் ஆசனத்தில் ஏறியதும், பின்பக்கம் 5 செ.மீ. இறங்குவதாக வைத்துக்கொள்வோம். 180 கிலோவின் எடை 1,764 நியூட்டன். அதனை 0.05 மீட்டரால் வகுத்தால், வில்லின் விறைப்பு மீட்டருக்கு ஏறத்தாழ 35,300 நியூட்டன். வில்லின் மேல் அமர்ந்திருக்கும் பின் பகுதியின் நிறை 500 கிலோ என்றால், விறைப்பை நிறையால் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, அதனை 6.28-ஆல் வகுக்க வேண்டும். விடை 1.3. அதாவது உடல் நொடிக்கு ஏறத்தாழ 1.3 தடவை மேலும் கீழுமாக ஆடும். ஊஞ்சல் போன்ற நிதானமான ஆட்டம் இது.

ஆனால் ஆடுவது உடல் மட்டும் அல்ல. பட்டைக்குக் கீழேயுள்ள அச்சும் சக்கரங்களும் தனியே ஆடக்கூடியவை. அவற்றுக்குக் கீழே காற்றடைத்த டயர் இருக்கிறதே, அதுவும் ஒரு வில்தான். மிக விறைப்பான வில். விறைப்பு அதிகம், நிறை குறைவு என்பதால் இந்த ஆட்டம் வேகமானது. கார்களில் பொதுவாக நொடிக்கு 10 முதல் 15 தடவை. கண்ணுக்குத் தெரியாது, இருக்கையில் ஒரு நடுக்கமாக உணரலாம்.

இந்த இரண்டு ஆட்டங்களையும் அடக்குவதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை. அதற்குள்ளே எண்ணெயைச் சிறு துளைகள் வழியே பிதுக்கித் தள்ளும் பிஸ்டன் ஒன்று இருக்கிறது. ஆட்டத்தின் ஆற்றல் எண்ணெயின் வெப்பமாக மாறிக் காற்றில் கலந்துவிடுகிறது. எண்ணெய் கசிந்து போய்விட்டால், ஆற்றல் போக வழியில்லை. சாலையில் ஒரு சிறு குழியைத் தாண்டினாலும் சக்கரம் தொடர்ந்து குதிக்கும்.

அது ஏன் டயரின் குறிப்பிட்ட இடங்களில் மட்டும் பள்ளம் பறிக்க வேண்டும்? இங்கேதான் வேடிக்கை இருக்கிறது. டயரின் சுற்றளவு 2 மீட்டர் என்றும், அச்சு நொடிக்கு 12 தடவை குதிக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். வண்டி நொடிக்கு 12 மீட்டர், அதாவது மணிக்கு 43 கி.மீ. வேகத்தில் போனால் சக்கரம் நொடிக்கு 6 சுற்று சுற்றும். ஒரு சுற்றுக்குச் சரியாக இரண்டு குதிப்பு! ஒவ்வொரு சுற்றிலும் டயரின் அதே இரண்டு இடங்கள் தரையில் மோதுகின்றன. வண்டி அடிக்கடி ஓடும் வேகங்களில் குதிப்பும் சுற்றும் இப்படி இசைந்துவிட்டால், அந்த இடங்கள் மட்டும் தேய்ந்து கிண்ணமாகின்றன. கிண்ணம் விழுந்தபின் அதுவே மேலும் குதிக்க வைக்கும்.

சக்கரத்தின் சமநிலை கெட்டாலும் இதே கதைதான். 15 அங்குல ரிம்மின் ஓரத்தில், அதாவது மையத்திலிருந்து 19 செ.மீ. தொலைவில், வெறும் 20 கிராம் எடை கூடுதலாக இருக்கிறது என்று கொள்ளுங்கள். சக்கரம் நொடிக்கு 12 சுற்று சுற்றும்போது அது ஏறத்தாழ 22 நியூட்டன் விசையோடு வெளியே இழுக்கும். 2 கிலோவுக்கு மேற்பட்ட எடை நொடிக்கு 12 தடவை சக்கரத்தைத் தூக்கி அடிப்பது போல. அச்சின் இயல்பான ஆட்டமும் 12 என்றால் ஒத்ததிர்வு ஏற்பட்டுக் குதிப்பு பெருகும். நம் கணக்கின்படி இது நடப்பது மணிக்கு 86 கி.மீ. வேகத்தில். "80-க்கு மேல் போனால் நடுங்குகிறது, 100-ல் நின்றுவிடுகிறது" என்று ஓட்டுநர் சொன்னால், சமநிலையைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

ஷாக் அப்சார்பரைச் சோதிக்க எல்லோரும் செய்யும் சோதனை ஒன்று உண்டு. காரின் பின் மூலையை அழுத்திவிட்டுக் கையை எடுப்பது. ஒரு முறை மேலெழுந்து அடங்கினால் நல்லது. பலமுறை ஆடினால் கெட்டது. சுருள்வில் வைத்த கார்களுக்கு இது ஓரளவு சரி. ஆனால் பழைய அம்பாசிடரில் இது நம்மை ஏமாற்றிவிடும்! பட்டைகளுக்கு இடையே துருப்பிடித்து உராய்வு கூடியிருந்தால், கையால் அழுத்தும் சிறிய விசைக்குப் பட்டை அசையவே அசையாது. "அடடா, ஷாக் நன்றாக இருக்கிறது" என்று நினைப்போம். உள்ளே எண்ணெய் ஒரு சொட்டும் இருக்காது. எனவே எண்ணெய்க் கசிவையும் டயரில் உள்ள கிண்ணங்களையும் சேர்த்துப் பார்த்தே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

ஒரே அடையாளம், இரண்டு நோய்

இனி மூன்றாவது எழுத்து. இரு பின் டயர்களிலும் உள் ஓரம் மட்டும் மொழுக்கென்று தேய்ந்திருக்கிறது. சக்கரங்களின் மேற்பகுதி உட்புறமாகச் சாய்ந்து நிற்கிறது என்பது பொருள். ஏன் சாய்ந்தது?

"பட்டை தளர்ந்து வண்டி இறங்கிவிட்டது, அதனால்தான்" என்று உடனே சொல்லத் தோன்றும். அம்பாசிடரைப் பொறுத்தவரை இது தவறு. சற்று யோசியுங்கள். இரு சக்கரங்களும் ஒரே விறைப்பான அச்சின் இரு முனைகளில் இருக்கின்றன. அவற்றின் நிலையைத் தீர்மானிப்பது அந்த அச்சு மட்டுமே. மேலேயுள்ள உடல் இறங்கினாலும், ஒரு பக்கம் சாய்ந்தாலும், சமதரையில் சக்கரங்கள் செங்குத்தாகவே நிற்கும். ஒரு பக்கத்துப் பட்டை முறிந்து கார் கோணலாக நின்றாலும் அப்படியே! அப்படியானால் அம்பாசிடரில் சக்கரம் சாய ஒரே வழி, அச்சுக் கூடே வளைந்திருப்பதுதான். அளவுக்கு மீறி ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றிக் குழிகளில் ஓட்டும்போது, பட்டைகள் அச்சின் உட்பகுதியைக் கீழே அழுத்துகின்றன. சக்கரங்கள் முனைகளை மேலே தள்ளுகின்றன. அச்சு நடுவில் தொய்ந்து வளையும். சக்கரங்களின் தலை உள்ளே சாயும்.

இப்போது ஸ்டாண்டர்டு ஹெரால்டைப் பாருங்கள். அதன் பின்பக்கத்தில் இப்படி ஒரே விறைப்பான அச்சு இல்லை. நடுவிலுள்ள பற்சக்கரப் பெட்டி காரின் உடலோடு பொருத்தப்பட்டிருக்கும். அதிலிருந்து பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு அரை அச்சுகள், பறவையின் இறகுகள் போல மேலும் கீழும் ஆடும். குறுக்காக ஒரே ஒரு பட்டை அடுக்கு. இந்த அமைப்பில் உடல் இறங்கினால் நடுப்பெட்டியும் கூடவே இறங்கும். அரை அச்சுகள் இரண்டும் வெளிப்புறம் மேல்நோக்கிச் சரியும். சக்கரங்களின் தலை உள்ளே சாயும். ஆகவே ஹெரால்டில் உள் ஓரத் தேய்மானம் என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது தளர்ந்த பட்டையையே.

பார்த்தீர்களா? அடையாளம் ஒன்று, நோய் இரண்டு. அம்பாசிடருக்குப் புதுப் பட்டை போட்டால் பணம் வீண். ஹெரால்டுக்கு வளைந்த அச்சைத் தேடினால் நேரம் வீண். காய்ச்சல் என்றவுடன் எல்லோருக்கும் ஒரே மாத்திரை கொடுக்கலாமா?

இறகு அச்சுக்கு மற்றொரு குணமும் உண்டு. வேகமாகத் திரும்பும்போது உடல் மேலெழுந்தால், வெளிப்புறச் சக்கரம் எதிர்த் திசையில் சாய்ந்து உட்புறம் மடிந்து, வண்டி பின்பக்கம் வழுக்கக்கூடும். அமெரிக்காவில் 1960 முதல் 1963 வரை வெளிவந்த ஷெவர்லே கார்வேர் கார்களின் இறகு அச்சைப் பற்றி ரால்ஃப் நேடர் 1965-ல் ஒரு நூலில் கடுமையாக எழுதினார். மோட்டார் பாதுகாப்பு பற்றிய பெரும் விவாதத்தை அந்நூல் கிளப்பியது.

சக்கரம் சாய்ந்திருக்கிறதா என்று அளக்கக் கொத்தனாரின் தூக்குக் குண்டு போதும். சமதரையில் நிறுத்திய காரின் மட்கார்டிலிருந்து நூலைத் தொங்கவிட்டு, ரிம்மின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் உள்ள தூரங்களை அளவிடுங்கள். அந்த இரு புள்ளிகளும் 40 செ.மீ. இடைவெளியில் இருந்தால், 1 பாகை சாய்வுக்கு 7 மி.மீ. வித்தியாசம் வரும். பிறகு காரை அரைச் சுற்று உருட்டி மீண்டும் அளங்கள். வித்தியாசம் தலைகீழானால் கோணல் ரிம்மில்தான், அச்சில் அல்ல.

கோணலாக நடக்கும் கார்

சில கார்கள் பின்னாலிருந்து பார்க்கும்போது நண்டு போலச் சற்றுப் பக்கவாட்டில் நகர்வதாகத் தோன்றும். யு போல்ட்டுகள் தளர்ந்து, சென்டர் போல்ட் அறுந்து, அச்சின் ஒரு முனை பின்னால் நகர்ந்துவிட்டால் இப்படி ஆகும். அச்சு 1 பாகை திரும்பினால், இரு பக்கச் சக்கரங்களுக்கிடையே முன்பின்னாக ஏறத்தாழ 23 மி.மீ. வித்தியாசம் வரும். முன் சக்கரத்தை நேராக வைத்து, முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை இரு பக்கமும் அளந்தால் தெரிந்துவிடும். நனைந்த சிமெண்டுத் தரையில் நேராக ஓட்டிச் சென்று ஈரத் தடத்தைப் பார்ப்பது இன்னும் எளிது. அம்பாசிடரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத் தூரம் 2.46 மீட்டர். 1 பாகை கோணலுக்குப் பின் தடங்கள் ஒரு பக்கமாக 4 செ.மீ.க்கு மேல் விலகியிருக்கும்.

இங்கே ஒரு புதிர். இப்படிக் கோணலான அச்சால் பின் டயர் தேயுமா? "ஆமாம்" என்றுதான் பலரும் சொல்வார்கள். ஆனால் இரு பின் சக்கரங்களும் இன்னும் ஒன்றுக்கொன்று இணையாகவே உள்ளன. அவை தாம் பார்க்கும் திசையில் தடையின்றி உருள்கின்றன; கோணலாக இருப்பது மேலேயுள்ள உடல்தான். எனவே அச்சு அசையாமல் நிற்கும்வரை டயர் அதிகம் தேயாது.

டயரில் அடையாளம் இல்லை என்பதற்காக விட்டுவிடலாமா? கூடவே கூடாது. தளர்ந்த அச்சு ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வண்டி ஒரு பக்கம் போகும். காலை எடுத்தால் மறு பக்கம் இழுக்கும். பின் சக்கரமே ஸ்டியரிங் பிடிப்பது போன்ற நிலை இது! இந்த அறிகுறி தெரிந்தால் வண்டியை ஓட்டக் கூடாது. யு போல்ட், சென்டர் போல்ட், பட்டையின் முன் புஷ் ஆகியவற்றை உடனே பார்க்கச் சொல்ல வேண்டும்.

அச்சுக் கூடு முன்பின்னாக வளைந்தால் நிலைமை வேறு. அப்போது இரு சக்கரங்களும் இணையாக இல்லை. ஒரு சக்கரம் அரைப் பாகை மட்டும் திரும்பியிருந்தாலும், கணக்கின்படி அது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 8.7 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. 10,000 கி.மீ. ஓடினால் 87 கி.மீ.! ரம்பப் பல் தேய்மானம் தோன்றுவது இப்படித்தான். இதைக் கண்டுபிடிக்க, இரு பின் டயர்களின் முன்புறத்தில், அச்சின் உயரத்துக்குச் சற்றுக் கீழே, சாக்பீஸால் புள்ளியிட்டு இடைத் தூரத்தை அளங்கள். அதே புள்ளிகள் பின்புறத்தில் அதே உயரத்துக்கு வரும்வரை காரை உருட்டி மீண்டும் அளங்கள். இரு நிலைகளுக்கும் நடுவே 60 செ.மீ. இருந்தால், அரைப் பாகைக்கு ஏறத்தாழ 5 மி.மீ. வித்தியாசம் காணும். ஏன் அதே புள்ளிகளையே அளக்க வேண்டும்? டயரிலோ ரிம்மிலோ உள்ள சிறு கோணல்கள் நம் அளவில் கலந்துவிடக் கூடாது என்பதற்காக.

எதை முதலில்?

துப்பறியும் வேலையில் வரிசை முக்கியம். செலவில்லாததை முதலில் பாருங்கள்.

முதலில், டயர் ஆறியிருக்கும்போது காற்றழுத்தம். இரண்டாவது, டயரைக் கையால் படித்தல். மூன்றாவது, ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்புவரை உயரம். இரு பக்கமும் வேறுபட்டால் பட்டை தளர்வோ முறிவோ இருக்கும். நான்காவது, பட்டைகளைக் கூர்ந்து பார்த்தல். புதிதாக முறிந்த இடம் பளபளக்கும், பழைய முறிவில் செந்துருக் கோடு தெரியும். ஐந்தாவது, தூக்குக் குண்டும் டேப்பும்.

இவ்வளவுக்கும் பிறகு சந்தேகம் இருந்தால், ஓர் அருமையான சோதனை இருக்கிறது. இடது பின் சக்கரத்தை வலப்புறமும், வலது பின் சக்கரத்தை இடப்புறமும் மாற்றிப் போட்டுச் சில நூறு கிலோமீட்டர் ஓட்டச் சொல்லுங்கள். கோளாறு சக்கரத்தோடு இடம் மாறிப் போய்விட்டதா? அப்படியானால் குற்றம் டயரிலோ ரிம்மிலோ இருக்கிறது. பழைய இடத்திலேயே நிற்கிறதா? குற்றம் வண்டியில் இருக்கிறது. வேறு எதையும் இந்த நேரத்தில் மாற்றக் கூடாது. டயரையும் மாற்றி, ஷாக்கையும் மாற்றி, காற்றையும் மாற்றிவிட்டால், எது குணப்படுத்தியது என்று யாருக்குத் தெரியும்? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்பது பரிசோதனைச் சாலையின் முதல் விதி. அது பட்டறைக்கும் பொருந்தும்.

ஒன்றை மறவாதீர்கள். ஜாக்கியால் மட்டும் தூக்கி நிறுத்திய காருக்கு அடியில் யாரும், எக்காரணம் கொண்டும், தலையை நுழைக்கக் கூடாது. இந்தச் சோதனைகளைப் பெரியவர் ஒருவர் உடனிருக்க, சமதரையில், என்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டுச் செய்யுங்கள். காரை உருட்டும்போது ஒருவர் உள்ளே அமர்ந்து கைப்பிரேக்கைப் பிடித்திருக்கட்டும். நம் வேலை நோயைக் கண்டறிவது. சிகிச்சை மெக்கானிக்கின் கையில்.

வீட்டில் கார் இல்லையே என்கிறீர்களா? சைக்கிள் இருக்குமே! அதன் முன் டயரையும் பின் டயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தடவிப் பாருங்கள். எது அதிகம் தேய்ந்திருக்கிறது? ஏன்? நீங்கள் எந்தச் சக்கரத்தில் பிரேக் போடுகிறீர்கள், உங்கள் எடை எந்தச் சக்கரத்தின் மேல் அதிகம் விழுகிறது, பெடலை மிதிக்கும் விசை எந்தச் சக்கரத்தின் வழியாகத் தரைக்குப் போகிறது என்று எழுதி வைத்துக்கொண்டு விடையைத் தேடுங்கள். விடை கிடைத்ததும், பக்கத்துத் தெருவிலுள்ள பஞ்சர் கடைக்காரரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் தினம் பத்து டயர்களைக் கழற்றி மாட்டுபவர். உங்கள் விடை சரியா என்று சொல்ல அவரைவிடத் தகுந்தவர் கிடைப்பது அரிது.